இரண்டு தரம் குறி சுட்ட நாகு

நான் வாயே திறக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே மகன். திறந்தேன். திறந்ததுதான் பிழை என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். காலையில் அடுக்களை வாசலில் நின்று, "ஒரு மனிசர்ர முகத்தப் பார்த்து ஒரு சொல்லுச் சொல்ல மாட்டீங்க அப்பா, பகிடி விட்டுட்டு எழும்பிப் போயிருவீங்க" என்று கத்தினாயே, அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீதான் பதிலுக்கு நிற்கவில்லை. முன்கொட்டிலில் உன் ஆங்கில வகுப்புப் பிள்ளைகள் வந்து குந்திவிட்டார்கள், சோக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சரி, நீ அங்கே படிப்பி. நான் இங்கே உன்னுடைய பழைய கொப்பியில் நாலு ஒற்றை கிழித்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, எருமை நடந்த வயல் மாதிரித்தான் கிடக்கும். பிழை திருத்தச் சிவப்புப் பேனை எடுக்காதே, முதலில் வாசி.

இன்றைக்குப் பின்னேரம் மண்டூரில் வதனி வீட்டில் இரண்டு பக்கத்து ஆட்களும் கூடி உங்கள் கலியாணத்துக்கு நாள் வைக்கிறார்கள். நம் ஊர் வழக்கப்படி நீ இனி அந்த வீட்டுக்குத்தான் போய் இருக்கப்போகிறாய். உன் அக்காவுக்கு இந்த வீடு, உனக்கு வதனியின் வீடு. வதனியின் தகப்பன் சாமித்தம்பி சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை வரட்டும், மாப்பிள்ளையின் தாய் வரட்டும். தகப்பன் வருவதென்றால், அன்றைக்குத் தன் மாட்டுப்பட்டி வாசலில் நின்று சொன்ன சொல்லை, அதே வாசலில் நின்று பிழை என்று சொல்லிவிட்டு வரட்டும். இல்லாவிட்டால் கலியாணத்துக்கும் வர வேண்டாம், பிறகு பிறக்கிற பிள்ளையைப் பார்க்கவும் வர வேண்டாம். மனிதன் கேட்டது பெரிதில்லை என்று எனக்குத் தெரியும். என் முழங்கால் தாங்காது, சீனி வருத்தம், பாதையில் ஏறி இறங்க ஏலாது என்று நான் சொன்னதெல்லாம் சாட்டு என்று உனக்கும் தெரியும். ஆளையும் மாட்டையும் ஏற்றி மிதக்கிற அந்த இரும்புப் பாதை வாவியைக் கடக்கக் கால் மணித்தியாலம்கூட எடுப்பதில்லை. நான்தான் இத்தனை வருடமாகக் கடக்கவில்லை.

தகரத்துக்கு அங்கால் உன் குரல் கேட்கிறது. போன கிழமை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாய். போன கிழமை நானும் அந்தப் பாடத்தைக் கேட்டேன் அல்லவா? "ஒரு வீட்டில லைட் எரியுது, செருப்பும் வாசல்ல கிடக்கு. அப்ப ஆள் உள்ளுக்கு இருக்கத்தான் வேணும், அதுக்கு மஸ்ட். லைட் எரியுது, செருப்பக் காணல்ல. இருந்தாலும் இருக்கலாம், அதுக்கு மே, மைட். ஆள இப்பதான் சந்தையில கண்டுட்டு வாறம். அப்ப வீட்டில இருக்கவே ஏலாது, அதுக்கு காண்ட்." நான் பின்னால் நின்று, "சேர், ரெண்டு சோடிச் செருப்பு வெச்சிருக்கிறவனுக்கு என்ன போடுற?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளை மட்டும் சிரிக்காமல், "ரெண்டு சோடி இருக்கெண்டு தெரியாட்டி மஸ்ட், தெரிஞ்சா மைட், ஐயா" என்றாள். நீ அவளைப் பாராட்டினாய். நான் சிரித்துக்கொண்டே பின்பக்கம் வந்து, மாட்டுக் கட்டையில் குந்தி, ஒரு சுருட்டு முழுவதும் முடியும்வரை எழும்பவில்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பகிடிதான் விட்டிருப்பேன்.

நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம் அது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் ஊர் சொன்னபடி தெரியும். நான் சொல்லி நீ கேட்டதில்லை. நல்லதம்பி அண்ணனின் செவலை நாகு ஒன்று காணாமல் போனது. கன்று போடாத இளம் பசு, நெற்றியில் வெள்ளை. ஒரு கிழமை தேடினோம். வாவிக்கு அங்கால், படுவான்கரையில் சாமித்தம்பி என்பவரின் பட்டியில் அப்படி ஒன்று நிற்கிறது என்று ஆரோ சொன்னார்கள். இருபது பேர் பாதை ஏறிப் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று தெரியும்தானே? புத்தகம் வாசிக்கத் தெரியாதவன், மாட்டின் தொடை வாசிக்கத் தெரிந்தவன். தாய்வழியில் வருகிற எந்தக் குடிக்கு எந்தக் குறி, எந்தக் குறி எத்தனை மாரி கண்டது, சுட்டவன் கை நடுங்கியதா இல்லையா எல்லாம் நான் விரலால் தடவிச் சொல்வேன். சொன்னது பிழைத்ததும் இல்லை. அன்று எங்களோடு வந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூட அதிபர். என்னை ஐந்தாம் வகுப்பில், "நீ மாடு மேய்க்கத்தான் சரி" என்று வீட்டுக்கு அனுப்பிய வாத்தியாரின் மகன். அவர் வெள்ளைச் சேட்டும் சப்பாத்துமாகச் சாணிக்குள் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இனிப்பாக இருந்தது.

நிறமும் நெற்றி வெள்ளையும் அப்படியே, நல்லதம்பி அண்ணனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாகின் தொடையில் இரண்டு குறி இருந்தது. அடியில் வில்லுப்போல ஒரு குறி. அது நல்லதம்பி அண்ணனின் குடிக் குறி. அதற்கு மேலே, அதை மறைக்கிறமாதிரி, பூப்போல இன்னொரு குறி. அது சாமித்தம்பியின் மனைவியுடைய குடிக் குறி என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான். இதற்கு மேல் என்ன வேண்டும்? களவெடுத்த மாட்டின் குறிக்கு மேல் தன் வீட்டுக் குறியைச் சுட்டிருக்கிறான். ஒரு மாட்டுக்கு இரண்டு தரம் இரும்பு வைக்கிறவன் வேறு ஆர்? "என்ன சொல்றாய், தம்பி?" என்று அதிபர் கேட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு, "இதில சந்தேகப்பட ஒண்டும் இல்ல. இது நல்லதம்பி அண்ணர்ர நாகுதான். இது வேற ஆர்ர மாடாயும் இருக்க ஏலாது" என்றேன். உன் பாடத்தில் உள்ள பெரிய சொல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் பார். நடுவில் இருக்கிற சின்னச் சொல்லை நான் தொடவில்லை.

ஆனால் என் விரல் தொட்டது. அதைத்தான் நான் ஆருக்கும் சொல்லவில்லை. இரண்டு தழும்பும் ஒரே வயது. அடியில் கிடந்தது பழையது, மேலே கிடந்தது புதியது என்று இல்லை. நாலைந்து கிழமைதான் இடைவெளி. இரண்டும் அது பால் குடித்த காலத்தில் வைத்தவை. ஒரு கிழமைக்கு முன் களவு போன மாட்டில் மேற்குறி புண்ணாக, ஈ மொய்த்துக் கிடக்க வேண்டும். அதில் உரோமமே வளர்ந்து மூடியிருந்தது. விரல் ஒரு நொடி நின்றது மகன். "பொறுங்க, ஒண்டு கேக்கோணும்" என்று சொல்லியிருந்தால் போதும். இருபது பேர் நிற்கிறார்கள், வாத்தியாரின் மகன் நிற்கிறார். "இருக்கலாம்" என்று சொல்கிறவனைக் கேட்க ஆர் பாதை ஏறி வருவான் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அதைவிடக் கெட்டது அதற்குப் பிறகு நடந்தது. சாமித்தம்பி பேச வாயெடுத்தார். "அது வந்து, என்ர மனிசி..." என்று தொடங்கினார். நான் விட்டேனா? "ஓ, களவெடுத்தது மனிசியா? நான் உங்களையெல்லோ நினைச்சன்!" என்றேன். இருபது பேரும் சிரித்தார்கள். பட்டிக்கு அங்கால் நின்ற அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார்கள். மனிதன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தானே போய்க் கயிற்றை அவிழ்த்து நல்லதம்பி அண்ணனின் கையில் கொடுத்தார். குற்றம் இல்லாதவன் ஏன் பேசாமல் கொடுக்கிறான் என்று வருகிற வழியில் பாதையில் நின்று நான்தான் சொன்னேன். அதையும் எல்லோரும் நம்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து நல்லதம்பி அண்ணனின் நாகு தானாக வந்து படலையில் நின்று கத்தியது, வயிற்றில் கன்றோடு. அவர் என்னிடம் வந்து, "இப்ப என்னடா செய்யிற?" என்றார். "மருமகனையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்கலாமே அண்ணன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த நாள் அவர் சாமித்தம்பியின் நாகைப் பாதையில் ஏற்றிக்கொண்டுபோய், அங்காலத் துறையில் ஒரு மரத்தில் கட்டிவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் அதே பாதையில் திரும்பி வந்துவிட்டார். மாடு வீட்டுக்குப் போனது. பேர் போகவில்லை. வதனி பள்ளிக்கூடத்தில் நடந்துபோனால் பின்வாங்கிலிருந்து மாடுமாதிரிக் கத்துவார்களாம். மூன்று வருடம் கத்தினார்களாம். இதை அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. உன்னிடமும் லேசில் சொல்லியிருக்காது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் இரண்டு பேரும் படித்தபோது, நீ ஆர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் இரண்டு கிழமை உன்னோடு கதைக்காமல் இருந்தாள் என்று உன் அம்மாதான் சொன்னாள். இரண்டே கிழமையில் கதைத்தாளே, அதை நினை. நானாக இருந்தால் உன் தலையில் வாளியைக் கவிழ்த்திருப்பேன்.

அப்போதும் எனக்கு ஒரு பிடி இருந்தது. மாடு வேறாக இருக்கட்டும், ஆனால் இரண்டு குறி? அது எப்படி வந்தது? நல்லதம்பி அண்ணனுடையதாக இல்லாவிட்டாலும் வேறு ஆருடையதோ களவு மாடாக இருக்கும்தானே? இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருடம் நித்திரை கொண்டேன். போன மாதம் உன் அம்மாவும் மாமாவும் முதல்முதல் பெண் கேட்டுப் போனார்களே, அன்றைக்குத்தான் அந்தப் பிடியும் போனது. சம்பந்தம் பேசப் போகிற எந்தப் பெண்ணும் முதல் கேட்கிற கேள்வியை உன் அம்மாவும் கேட்டாள். நீங்கள் என்ன குடி? திரும்பி வந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "தாய் வேற குடிதான், நம்மட மகனுக்குச் செய்யலாம். தகப்பன் ஆரெண்டு தெரியுமா? நம்மட நல்லதம்பி அண்ணர்ர குடியாம். அவருக்கும் வில்லுக் குறிதானாம்."

நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. உன் அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டே போனாள். வதனியின் தாய் சொன்ன கதை. கன்று பிறந்தபோதே அது மகளுக்கு என்று நேர்ந்ததாம். மனிதன் யோசிக்காமல் தன் தாய்வழிக் குடிக் குறியை வைத்துவிட்டாராம். "நான் விடுவனா? பொம்புளப் புள்ளைக்குக் குடுக்கிற கண்டு, எங்கட குறி இல்லாம எப்புடிக்கா? ஒரு மாசம் சோறு போட்டாலும் கதைக்கல்ல நான். மறுகா அவரே இரும்பச் சூடாக்கி எங்கட பூவ மேலால வெச்சார்" என்றாளாம். அவ்வளவுதான் மகன். களவும் இல்லை, கபடமும் இல்லை. புருஷனும் பெண்சாதியும் பிடித்த சண்டை ஒரு கன்றின் தொடையில் கிடந்திருக்கிறது. அதைத்தான் அந்த மனிதன், "என்ர மனிசி" என்று சொல்லத் தொடங்கினார். கலியாணத் தரகனுக்குக்கூடத் தெரிந்த ஒரு கேள்வி. "நீங்க என்ன குடி?" அதை அந்தப் பட்டி வாசலில் நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் கேட்கிறதில்லை.

இனிப் போன கிழமைக் கதைக்கு வாறேன். உன் கோபம் அங்கேதான் கிடக்கிறது. நீ என்னை இழுத்துக்கொண்டு போனாய். படலைக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே வரச் சொல்லவில்லை, ஆனால் தேத்தண்ணி தந்தார்கள். சாமித்தம்பி நரைத்துப்போய்விட்டார். நானும்தான். அவர் சண்டை பிடிக்கவில்லை, அதுதான் எனக்கு ஏலாமல் போனது. "அண்டைக்குச் சந்தேகப்பட ஒண்டுமில்ல எண்டு சொன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "அது வந்து, பிழையாயும் இருக்கலாம். வயசும் போன நேரம், கண்ணும் அவ்வளவு தெரியாது. ஒருவேளை ஒழுங்காப் பார்க்காம விட்டிருப்பன்" என்றேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தாங்காமல், "மாடு கிடக்கட்டும், மகளுக்கு ஒரு குறிதானே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். வதனி கோப்பை எடுக்க வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள். நீ எழும்பினாய். வருகிற வழி முழுவதும் பாதையின் மற்றப் பக்கக் கம்பியில் போய் நின்றாய்.

இன்று காலையில் நீ சொன்னாய் பார், "தெரியாத நேரம் நிச்சயம் எண்டு சொன்னீங்க, தெரிஞ்ச நேரம் இருக்கலாம் எண்டு சொல்றீங்க." அது சுட்டது. கொப்பிக்குச் சொன்ன பாடமில்லை அது, எனக்குச் சொன்னது. நான் இவ்வளவு நாளும் நினைத்தேன், பெரிய சொல்லைச் சொன்னதுதான் என் பிழை, இனி அடக்கமாகச் சின்னச் சொல்லைச் சொன்னால் சரியாகிவிடும் என்று. இல்லை மகன். அந்த "இருக்கலாம்" ஒரு பற்றைக்காடு. அன்றைக்கு அவருடைய நாகு அதற்குள் நிற்க ஒரு இடம் நான் விடவில்லை. இன்றைக்கு நான் போய் அதற்குள் பதுங்கிக்கொண்டேன். எனக்குக் கண் தெரிந்தது. விரலும் தெரிந்தது. பிழையாய் இருக்கலாம் என்று இல்லை, பிழை.

களைத்துப்போனேன் மகன். சீனியாலும் முழங்காலாலும் மட்டும் இல்லை. ஒவ்வொரு தரமும் ஒரு பகிடியைத் தேடி எடுக்கிறதும் ஒரு வேலை. சின்ன வயதில் அது தானாக வந்தது, ஆட்கள் சிரித்தார்கள், படிக்காதவன் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு அது இல்லாமல் ஒரு வாசலிலும் ஏற ஏலாது என்று வந்துவிட்டது. உனக்கும் அந்த வாய் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறாய், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வை. ஆனால் ஒரு பிள்ளை எழும்பி, "அது வந்து, சேர்..." என்று தொடங்கினால் உன் வாயை மூடு. அந்த வீட்டுக்குப் போனபிறகும் அப்படித்தான். உன் மாமனார் நிறையக் கதைக்கிறவர் இல்லை. அவர் ஒரு வசனம் தொடங்கினால் அது முடியும்வரை நில். வதனி கதைக்காமல் இருந்தால் ஏன் கதைக்கவில்லை என்று நீயாக ஒரு கணக்குப் போட்டு முடிவுகட்டாதே. ஒரு கணக்கு எவ்வளவு சரியாக வருகிறதோ, அவ்வளவுக்குப் போய்க் கேள். எனக்கு எல்லாம் சரியாகத்தான் வந்தது.

பின்னேரம் சொல்ல நான் வசனம் எழுதிப் பார்த்தேன். நாலு தரம் வெட்டினேன். மூன்று தரம் பகிடி வந்துவிட்டது. கடைசியில் நின்றது இது: சாமித்தம்பி, அண்டைக்கு இவடத்த நிண்டு நான் சொன்னது பிழை. சொல்லேக்கயே எனக்குச் சந்தேகம் இருந்தது, மறைச்சிட்டன். நீங்க சொல்ல வந்தத நான்தான் சொல்ல விடல்ல. இப்ப சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும். இதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. கூட்டினால் நீ என் காலில் மிதி. வலது காலில் வேண்டாம், அதில் புண்.

இந்த இடத்தில் நீ உள்ளே வந்தாய். குளித்து, வேட்டியும் கட்டிவிட்டாய். உன் அம்மா வெற்றிலைத் தட்டத்தோடு வாசலில் நின்றாள்.

"ஆருக்குக் கடிதம்?" என்றாய்.

"உனக்குத்தான் மனே. இரு, வாசிக்கிறன்."

நீ இருக்கவில்லை. நின்றபடியே கேட்டாய். நான் கண்ணாடியைத் துடைத்து முதலில் இருந்து வாசித்தேன். அதிபரின் சப்பாத்து வந்த இடத்தில் உன் வாய் கொஞ்சம் கோணியது, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. விரல் நின்ற இடத்தில் நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அவர் கயிற்றை அவிழ்த்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாய்.

"காணும் அப்பா. இத என்னட்ட வாசிச்சு என்ன? கேக்க வேண்டிய ஆள் நான் இல்ல."

"இன்னும் ரெண்டு ஒற்றை கிடக்கு மனே. கடைசியிலதான்..."

"பாதை மூண்டு மணிக்கு. வாறதெண்டா வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள், தட்டத்தைப் பார்த்தாள், உன் பின்னால் போய்விட்டாள். இப்போது வீட்டில் நான் மட்டும்தான். நீ ஒழுங்கை முனை திரும்பியிருப்பாய்.

கதிரை முதுகில் என் வெள்ளைச் சேட்டு ஒன்று தொங்குகிறது. காலையில் அது அங்கே இல்லை. அயர்ன் பண்ணியிருக்கிறது, கொலர் நிமிர்ந்து நிற்கிறது. உன் அம்மா அயர்ன் பெட்டியைத் தொடுகிறதில்லை, கை சுட்ட நாளிலிருந்து அவளுக்குப் பயம். உன் அக்கா இன்னும் வரவில்லை. அப்படியென்றால் வகுப்புக்கு முன்னரோ பிறகோ, என்னோடு கத்திய கையோடு, இதைச் செய்தது நீயாகத்தான்

இல்லை. எழுத மாட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். சேட்டைப் போட்டுக்கொண்டு வாறேன், பாதையைக் கொஞ்சம் பிடித்து வைக்கச் சொல்